அறுநூத்திப் பன்னெண்டாவது வரி

அம்மா இப்பதான் ஆரஞ்சு மிட்டாய்த் தாளப் பிரிக்க ஆரம்பிக்கிறா, சரசரன்னு ஹால் பூரா கேக்குது, முன் வரிசைல ஒருத்தர் திரும்பிப் பாக்கறார், பாருங்க சார், நல்லாப் பாருங்க, எழுபது வயசு, ஏசி இருக்குன்னு சொல்லித்தான் இந்த ஞாயித்துக்கிழமை காலைல கூட்டிட்டு வந்தேன், என்ன படம்னுகூட கேக்கல, "இங்கிலீஷ் படமா ஜெசி?"ன்னா, "இங்கிலீஷ் மாதிரி"ன்னேன், அதோட விட்டுட்டா. திரையில தண்ணி. மொதல் அஞ்சு நிமிஷம் வெறும் தண்ணிதான், எனக்கு மனப்பாடம், முப்பது தடவைக்கு மேல பாத்தாச்சு, எந்த நொடியில எந்தக் கொக்கு பறக்கும்னு கேளுங்க, சொல்றேன். அமெரிக்காவுல, தெற்குக் கரோலைனா கடலோரத்துல ஒரு தீவு. அங்க குல்லான்னு ஒரு சனம். நெல்லு வெளைய வைக்கத் தெரிஞ்சவங்கன்னு ஆப்பிரிக்காவுலேருந்து அடிமையாப் புடிச்சுக் கொண்டாந்தாங்களே, அவங்க வழிவந்தவங்க. லெவினியான்னு ஒரு அம்மா, எஸ்தர்னு ஒரு மக. மக நர்ஸ் வேலைக்குப் பிலடெல்பியாவுக்குப் போறா, அம்மா தீவுலயே இருந்துடறா. அவ்வளவுதான் கதை, அதுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம். டைரக்டரம்மா சொந்தக்காரங்களையே நிக்க வச்சு எடுத்த சின்னப் படம், இந்த ஃபிலிம் சொசைட்டிக்கு இன்னிக்கு வந்திருக்கு, இப்ப ஒரு காட்சி, மறுபடி மூணு மணிக்கு ஒண்ணு. தமிழ் சப்டைட்டில் போட்டது நான். மொத்தம் எழுநூத்தி நாப்பது வரி. அதுல அறுநூத்திப் பன்னெண்டாவது வரி வரும்போது நான் இந்த சீட்டுல உயிரோட இருப்பனான்னு தெரியல.

வந்துருச்சு, லெவினியா வாயத் தொறக்கறா, மொதல் வரி. "வேகம் வா, வள்ளம் கரைக்கு வந்தாச்சு." வெள்ளை எழுத்து, திரைக்கு அடியில, பளிச்சுன்னு. மிட்டாய்ச் சத்தம் நின்னு போச்சு. ஐயோ. நான் திரும்பல, கண்ணோரத்துல மட்டும் பாக்கறேன், அம்மா கை பாதிப் பிரிச்ச தாளோட மடியில அப்படியே நிக்குது. படிச்சுட்டா. கண்ணாடி போட்டிருக்கா இல்ல, படிக்காம எப்படி இருப்பா. வேகம் வா. சென்னையில யார் வேகம் வான்னு சொல்லுவாங்க, சீக்கிரம் வான்னுதான் சொல்லுவாங்க. வேகம் வா அம்மாவோடது. குளச்சல் பக்கத்துக் கடற்கரையிலேருந்து இருபத்திரெண்டு வயசுல கல்யாணம் பண்ணி ராயபுரத்துக்கு வந்தவ, அப்பாவுக்கு ஹார்பர்ல வேலை, வந்த மொத வாரத்துலயே குழாயடியில யாரோ "நீங்க கேரளாவா?"ன்னு கேட்டுட்டாங்க, அதுக்கப்புறம் கடைக்காரர், கண்டக்டர், கேஸ் சிலிண்டர் போடறவர், எல்லாரும் அதே கேள்வி. "நான் தமிழுதான் பேசுதேன்!"னு அம்மா கத்துவா, அவ கத்தறதுலயே அவங்களுக்கு சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாயிடும். அப்பல்லாம் கத்துவா. வேகம் வா, குளிக்கச் சொன்னா மேலு கழுவு, மெதுவா நடக்கச் சொன்னா பைய நட, நல்லா இருந்தா கொள்ளாம், பயந்தா பேடிக்காத, இப்படித்தான் வீடு பூரா கேட்டுக்கிட்டே இருக்கும். என்னைக் கூப்பிடும்போது கடைசில ஒரு வார்த்தை வேற சேத்துக்குவா. வேகம் வா, அப்புறம் என்னமோ. என் பேர் இல்ல. செல்லப்பேரும் இல்ல. ரெண்டு எழுத்தோ மூணு எழுத்தோ. நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது, சனியன்.

சரி, வரும்போது வரட்டும். இப்ப லெவினியா அரிசி களையறா. மூணு தண்ணி விட்டு, தண்ணி தெளியற வரைக்கும். அம்மா என் பக்கம் சாஞ்சு, "நல்லா களையறா பாரு"ன்னு சொல்றா. அப்பாடா, பேசிட்டா. ஆனா எந்தத் தமிழ்ல? களையறா. சென்னைத் தமிழ்ல. முப்பத்திமூணு வருஷமா எங்கிட்ட அதுல மட்டும்தான். ஊர்ப் பேச்சு எங்க போச்சுன்னு கேட்டா, எங்கயும் போகல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு பால்கனிக்குப் போகுது. ரெஜி சித்திக்கு போன். அம்மாவோட தங்கச்சி, இன்னும் ஊர்லதான் இருக்கா. கதவ சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம். நான் அடுப்படி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பூண்டு உரிக்கற மாதிரி நிப்பேன், எங்க வீட்டுல அஞ்சு மாசமா எல்லாக் கொழம்புலயும் பூண்டு தூக்கலா இருந்ததுக்கு இதுதான் காரணம். பருப்பு டப்பாவுக்குப் பின்னாடி ஒரு நோட்டு. காதுல விழறத எல்லாம் அதுல எழுதுவேன். திருட்டுதான், இல்லங்கல. வேற என்ன பண்றது, மொதல்ல நானும் எல்லாரும் எழுதற தமிழ்லதான் போட்டேன், லெவினியா நியூஸ் வாசிக்கற மாதிரி இருந்துச்சு. குல்லா சனத்தோட பேச்ச ஸ்கூல்ல அடிச்சுத் திருத்துவாங்களாம், ஒடஞ்ச இங்கிலீஷ்னு கேலி பண்ணுவாங்களாம், டைரக்டரம்மா அனுப்பின குறிப்புல இருந்துச்சு, அதப் படிச்சதும் போட்ட வரிய எல்லாம் அழிச்சேன். அப்புறம் அந்த வார்த்தை. டே கிளீன். அவங்க பாஷையில விடிகாலைக்கு அதான் பேர். மொதல்ல "நாள் சுத்தமாயிருச்சு"ன்னு போட்டேன், கார்ப்பரேஷன் அறிவிப்பு மாதிரி. ரெண்டு வாரம் தவிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை, பூண்டு கையில, பால்கனியிலேருந்து அம்மா குரல்: "வெளுப்பாங்காலமே எந்திச்சு கோயிலுக்குப் போனியாட்டி?" கத்தியப் போட்டுட்டேன். வெளுப்பாங்காலம்! வெளுக்கற காலம்! துணி வெளுக்கற மாதிரி நாள் வெளுக்குது, அங்க கிளீன், இங்க வெளுப்பு, ரெண்டு கடல் தாண்டி ஒரே வார்த்தை. குதிச்சேன். பூண்டுத் தட்டு கவுந்து போச்சு.

ஃபிலிம் சொசைட்டி செக்ரட்டரி சந்தானகோபாலன் சார் குதிக்கல. பின்னாடி புரொஜெக்டர் பக்கத்துல உக்காந்திருக்கார், எனக்குப் பிடரியில தெரியுது. வரிய மொதல்ல காட்டினப்பவே கேட்டார், "வெளுப்பாங்காலம்னா என்னம்மா? மலையாளமா?" சார் நீங்களுமா. "வைகறைன்னு போடலாமே, அழகான சொல்." அழகுதான் சார், ஆனா மீன் கழுவற கையோட யார் வைகறைன்னு சொல்லுவா? இத நான் சொல்லல, பஸ் ஏறினப்புறம்தான் தோணிச்சு, எனக்கு நல்ல பதில் எல்லாம் பஸ்லதான் வரும். அவர் கடைசியில "சரி, உங்க பொறுப்பு"ன்னுட்டார். என் பொறுப்புன்னா? நாலு பேர் புரியலன்னு சொன்னா அது என் பொறுப்பு, சரி. இங்க பக்கத்துல ஒருத்தி மிட்டாயப் பாதியில நிறுத்தி உக்காந்திருக்காளே, அது? அதுக்கு யார் பொறுப்பு? எண்பத்தெட்டாவது வரி வருது. எஸ்தர் அவசர அவசரமாத் திங்கறா, லெவினியா பாக்கறா, "பைய தின்னு, மீன் ஓடிப் போவாது, அது செத்தாச்சு." ஹால் சிரிச்சுது. நல்லாவே சிரிச்சுது, தூங்கிட்டு இருந்தவர்கூட முழிச்சுக்கிட்டு சிரிச்சார். இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இல்ல, இது வேற சிரிப்பு, இவங்க மீனுக்குச் சிரிக்கறாங்க. அன்னிக்கு எதுக்குச் சிரிச்சாங்க? ஆறாங்கிளாஸ், பதினோரு வயசு, ஸ்கூல் ஆண்டு விழாவுல மாறுவேடப் போட்டி. நான் மீன்காரி. அம்மாவோட சேலை, அம்மாவோட கொண்டை ஊசி, ஒரு கூடை, எல்லாம் அம்மாதான் கட்டி விட்டா, ஊக்கு குத்தும்போது "வேகம் வா, என்னமோ, நேரமாச்சு"ன்னா. மேடையில ஏறி மைக்கப் பாத்ததும் எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல, வாயில அம்மா வந்துட்டா. "சாளை வேணுமா சாளை, பைய பாத்து எடுங்கோ, நல்ல சாளையாக்கும், நான் தமிழுதான் பேசுதேன்!" சிஸ்டர் எல்லாம் கண்ணத் தொடச்சுக்கிட்டு சிரிச்சாங்க. மூணாவது வரிசையில அம்மா. கை தட்டினா, அது நல்லா ஞாபகம் இருக்கு, எல்லாரையும்விட ஜாஸ்தி நேரம் தட்டினா. மொதப் பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். பஸ்ல திரும்பி வரும்போது என் தலையத் தடவி, "நல்லா பண்ணே ஜெசி"ன்னா. பண்ணே. குழாயடியில சென்னைக்காரங்க பேசற மாதிரி. அன்னிலேருந்து அப்படியேதான். அந்த டம்ளர்லதான் இன்னிக்கும் அரிசி அளக்கறா, தெனமும் காலைல ரெண்டு டம்ளர், சத்தம் கேக்கும்போதெல்லாம் எனக்கு எங்கயாவது ஓடிப் போயிடலாம்னு இருக்கும். மன்னிச்சுக்கோன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம். எப்படி ஆரம்பிக்கறது? அம்மா, முப்பத்திமூணு வருஷத்துக்கு முன்னாடி உன்னை மேடையில நடிச்சுக் காட்டினேனேன்னா? அதுக்குப் பதிலா மறுபடியும் மேடையில ஏத்தியிருக்கேன், இந்தத் தடவை இருபது அடி அகலத்துல. என் மூளை அப்படி வேலை செய்யுது.

ஐநூறு தாண்டியாச்சு. எஸ்தர் பொட்டி கட்டறா. லெவினியா ஒரு மூட்டைல அரிசி, கருவாடு மாதிரி என்னமோ, ஒரு புட்டியில தீவுத் தண்ணி. பிலடெல்பியாவுல தண்ணி இல்லையாம்மான்னு எஸ்தர் கேக்கறா, "உண்டு, அதுக்கு நம்மள அறியாதுல்லா?" இது நல்லா வந்திருக்கு, எனக்கே புடிக்கும், போன்ல சித்தி அம்மாகிட்ட சென்னைத் தண்ணியப் பத்தி விசாரிச்சப்ப அம்மா சொன்ன பதில்தான் இது, ஒரு எழுத்து மாத்தல. அப்ப அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாம இருக்குமா? அவ வாயிலேருந்து வந்தது எதிர்ல எழுத்தா நிக்குது. அம்மா கண்ணாடியக் கழட்டறா. சேலைத் தலைப்புல தொடைக்கறா. மாட்டறா. அழறாளா, அழுக்கா? அப்புறம் கைப்பையத் தோள்ல மாட்டிக்கிட்டு எழுந்திருச்சா. எழுந்திருச்சுட்டா! முட்டி முட்டியா இடிச்சுக்கிட்டு, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க"ன்னு, கதவு வரைக்கும், கதவுல ஒரு வெளிச்சம், போயிட்டா. முடிஞ்சுது. கோவம். வாசல்ல ஆட்டோ புடிக்கறா. ராயபுரம் போயிட்டா. ரெஜி சித்திக்கு ஞாயித்துக்கிழமை காலைலயே போன் போடறா, இவ என்ன செய்தா தெரியுமாட்டின்னு. பின்னாடியே போகலாமா? போனா என்ன சொல்றது? வேகம் வா. வேகம் வா, என்னமோ. அம்மா என்னை என்னன்னுதான் கூப்பிட்டா? ஐநூத்தி முப்பது. எஸ்தர் பக்கத்து வீடெல்லாம் போய் சொல்லிக்கிட்டு வர்றா, வீட்டுக்கு வீடு திங்கக் குடுக்கறாங்க, ஹால் சிரிக்குது, நல்ல ஜனங்க, நான்தான் சிரிக்கல. ஐநூத்தி அறுபது. படத்துலயும் சரி, எங்க வீட்டுலயும் சரி, போறவங்களுக்கு மூட்டை கட்டத் தெரியுது, மேல ரெண்டு வார்த்தை பேசத் தெரியல. அம்மா கெளம்பி வந்த அன்னிக்கு அவளை யார் அனுப்பி வச்சாங்க, என்ன சொல்லி அனுப்பினாங்க, நான் கேட்டதே இல்ல, நாப்பத்திநாலு வயசாகுது, ஊரான் வீட்டு லெவினியாவுக்கு எழுநூத்தி நாப்பது வரி எழுதத் தெரியுது. ஐநூத்தித் தொண்ணூத்தெட்டு. கதவு தொறக்குது. "கொஞ்சம் வழி விடுங்க." அம்மா. உக்காந்தா. சேலைத் தலைப்புல கையத் தொடச்சுக்கிட்டே, "ஏசி ஜாஸ்தி ஜெசி, படத்துக்கு முன்னாடி ஒரு தடவை போனேன், மறுபடியும் வந்துருச்சு. அவ கெளம்பிட்டாளா?"ன்னா. பாத்ரூம்! கடவுளே, பாத்ரூம்! "இன்னும் இல்லம்மா"ன்னு சொன்னேன், குரல் கீச்சுன்னு வந்துச்சு. "நல்லவேளை"ன்னு காலு ரெண்டையும் தூக்கி சீட்டு மேல மடக்கிக்கிட்டா, வீட்டு சோபா மாதிரி.

அறுநூத்தி அஞ்சு. இருட்டு வெலகுது, தண்ணி சாம்பல் நிறம், படகு. இங்க வசனமே கிடையாது, ஒரு நிமிஷத்துக்கு மேல ரெண்டு மூஞ்சி மட்டும்தான். லெவினியா மூட்டையத் தூக்கி மக கையில குடுக்கறா. படம் பூரா எஸ்தர் எஸ்தர்னு பேர் சொல்லியே கூப்பிட்டவ, இந்த ஒரு எடத்துல மட்டும் புள்ளைங்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுவா. அதுல எனக்குக் கவலையே இல்ல, அதுக்கு "ஏட்டி" போட்டுட்டேன், ஞாயித்துக்கிழமை தவறாம பால்கனியிலேருந்து நூறு தடவை கேட்ட வார்த்தை, சுத்தமான சரக்கு. கவலை அடுத்த வார்த்தைதான். வந்துருச்சு. அறுநூத்திப் பன்னெண்டு. "ஏட்டி, வெளுப்பாங்காலம் ஆச்சு. எறங்கு." யாரும் சிரிக்கல. ஒரு இருமல்கூட இல்ல. பின்னாடி சந்தானகோபாலன் சார் இருக்கற பக்கத்துலேருந்து "அட"ன்னு மெதுவா ஒரு சத்தம். புரிஞ்சிருச்சு, எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு, திரையிலயே நாள் வெளுத்துக்கிட்டு இருக்கும்போது புரியாம என்ன பண்ணும், ஜெயிச்சுட்டேன், நான் மூச்ச விடறதுக்குள்ள பக்கத்துலேருந்து "ச்சே!"ன்னு ஒரு சத்தம். ஹாலே திரும்பிச்சு. அம்மா.

"ஏட்டியா?"ன்னா அம்மா. மெதுவா இல்ல, கடற்கரையில நின்னு வள்ளத்துல இருக்கறவங்களக் கூப்பிடற குரல்ல. "இது ஆரு எழுதினது, நீதானா? வெளுப்பாங்காலம் எல்லாம் செரி, கொள்ளாம். ஆனா பெத்தவ பிள்ளைய அனுப்புத நேரத்தில ஏட்டின்னா விளிப்பா?" விளிப்பா. எங்கிட்ட. எம் மூஞ்சியப் பாத்து. "நீயும் சித்தியும் அப்படித்தானேம்மா பேசிக்கறீங்க"ன்னேன், உளறிட்டேன், உளறினப்புறம்தான் உறைச்சுது. "அது அக்கா தங்கச்சி! சன்னலுக்கு அந்தப் பக்கம் பூண்டு உரிச்சிட்டு நிண்ணா அதுதானே காதுல விழும்? அஞ்சு மாசமா பூண்டுக் கொழம்பு, எனக்கு விளங்காதுன்னு நெனச்சியா? ஏசும்போதுதான் பிள்ளைய ஏட்டின்னு விளிப்போம். அனுப்பும்போ மக்ளேன்னுல்லா விளிக்கணும்." மக்ளே. அதான். அந்த வார்த்தை. வேகம் வா, மக்ளே. சினிமாவுல ஆம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் மக்களே மக்களேன்னு கூப்பிட்டு எத்தனை தடவை கேட்டிருக்கேன், மீம்ல பாத்துச் சிரிச்சிருக்கேன், அது என் வார்த்தைன்னு தோணவே இல்ல. பின் வரிசையில யாரோ "ஷ்ஷ்"ன்னாங்க. "நீங்க படத்தப் பாருங்கோ, நான் எம் மவகிட்ட பறையுதேன்"னு திரும்பாமலே சொன்னா. "எனக்கு எப்படிம்மா தெரியும், நீதான் சொல்றதையே நிறுத்திட்டியே, அந்த மாறுவேடத்துக்கப்புறம்"னேன், அழுகையும் சிரிப்புமா என்னமோ வந்துச்சு, முப்பத்திமூணு வருஷமா ஆரம்பிக்கத் தெரியாதத இருட்டுல, ஷ்ஷுக்கு நடுவுல ஆரம்பிச்சுட்டேன். "மன்னிச்சுக்கோம்மா, அன்னிக்கு உன்னைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க." அம்மா என்னை விசித்திரமாப் பாத்தா. "என்னப் பாத்தா? ஒன்னப் பாத்துல்லா சிரிச்சாளுவோ. என் பேச்சு ஒட்டிக்கிட்டா பிள்ளையப் பாத்து பின்னையும் சிரிப்பாளுவோன்னு பேடிச்சு நான் நிறுத்தினேன். நீ என்னடான்னா..." சொல்லிக்கிட்டே அந்தப் பாதி மிட்டாய முழுசாப் பிரிச்சு, ரெண்டாக் கடிச்சு, ஒரு துண்ட என் வாயில திணிச்சா. திரையில படகு நகந்தாச்சு, எஸ்தர் திரும்பிப் பாக்கறா, தண்ணி பூரா வெள்ளை. அம்மா சீட்டுல சாஞ்சுக்கிட்டு முழங்கையால என்னை ஒரு இடி இடிச்சா. "மூணு மணிக்கு பின்னையும் போடுவாங்கன்னு சொன்னேல்லா? அதுக்கு முன்ன மாத்திரு, மக்ளே."